ஒலித்தொகுப்பும் மாணாக்கர் செய்தியறிக்கையும்



செய்தி வாசித்தல் எளிய தொழில் என்று எண்ணும் மாணாக்கர் பலர். எழுதிக் கொடுத்ததைத் தெளிவாகப் படித்துவிட்டாற் போதும் என்பது அவர்கள் கருத்து. பாடசாலையில் ஐந்து நிமிடச் செய்தியறிக்கை ஒன்றைத் தாமே தயாரிக்கப் புகும்போதுதான், வாசிப்பு அதன் கடைசிப் படி என்பது அவர்களுக்குப் புலனாகின்றது. செய்தியைத் தேடுதல், உரியவரிடம் செவ்வி காணுதல், பதிந்த ஒலியைக் கேட்டுத் தேர்தல், வேண்டாதன களைந்து வேண்டியவற்றை இணைத்தல் ஆகிய படிகள் அதற்கு முன்னே நிற்கின்றன. களைந்து இணைக்கும் வேலையாகிய ஒலித்தொகுப்பே இப்பேச்சின் பொருள்.

கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வானொலி தொடங்கிய காலத்திற் பேசுவோர் பேசியது பேசியவாறே காற்றில் ஏறிற்று. இசைத்தட்டிற் பதிந்ததை வெட்டி ஒட்டுதல் இயலாது. ஜேர்மனியில் பிரிற்ஸ் புளூமர் என்பவர் 1928இல் காந்தத் தூள் பூசிய தாள் நாடாவிலே ஒலியைப் பதியும் வழியைக் கண்டார். 1935இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் நாடா ஒலிப்பதிவுக் கருவி காட்சிக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின் பின் அது வானொலி நிலையங்களிற் பரவியது.

நாடாக் காலத்து ஒலித்தொகுப்பு கைவேலை. செக்கனுக்கு 7½ அங்குல வேகத்தில் ஓடும் நாடாவில், கால் செக்கன் மூச்சொலி ஏறக்குறைய இரண்டு அங்குல நீளம் பெறும். சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிச் சொல் தொடங்கும் இடத்தைக் காதாற் கண்டு, மெழுகுப் பென்சிலாற் குறியிட்டு, சவர அலகாற் சாய்வாக வெட்டிப் பின்புறத்தில் ஒட்டுநாடா இடுவர். தவறாக வெட்டிய துண்டைத் தரையிலே தேடி எடுக்க வேண்டியும் நேரும்.

இன்று கணினித் திரையில் ஒலி அலைவடிவமாகக் கண்ணுக்குத் தோன்றுகின்றது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓடாசிற்றி போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. தவறான வெட்டை ஒரு விசையை அழுத்தி மீட்கலாம். ஆயினும் கண் பெற்ற வசதியாற் காதின் வேலை குறைந்துவிடவில்லை.

தொடக்கத்தில் மாணாக்கர் கற்க வேண்டியவை சில. முதற்பதிவை ஒருபோதும் வெட்டாது தனியே காத்து, அதன் பிரதியிலேயே வேலை செய்தல் வேண்டும். செவ்வி முடிந்ததும் அவ்விடத்து வெற்றொலியை அரை நிமிடம் பதிந்துகொள்ளல் வேண்டும். இணைப்புகளின் நடுவே அதனை இடாவிடின், வகுப்பறையின் இரைச்சல் திடீரென அற்றுப் பின் மீண்டும் தோன்றிச் செவியை உறுத்தும். அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் ‘டக்’ என்னும் ஓசை எழாது.

தமிழொலியின் இயல்பும் இங்கே பாடமாகின்றது. சொல்லின் முதலில் வல்லினம் வரும்போது வாய் அடைபட்டுச் சிறு மௌனம் உண்டாகும். வெட்டுதற்கு அது நல்ல இடம். ஆனால் ‘பத்து’, ‘பக்கம்’ போன்ற சொற்களின் நடுவிலும் அத்தகைய மௌனம் உண்டு. திரையை மட்டும் பார்ப்பவன் அதனைச் சொல்லின் எல்லை என மயங்கிச் சொல்லையே இரண்டாக்கிவிடுவான்.

இவையெல்லாம் கைப்பழக்கத்தால் வந்துவிடும். இவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. தமிழ் வாக்கியத்தில் முடிவைத் தாங்குவது கடைசிச் சொல். மறுப்பும் ஐயமும் பெரும்பாலும் இறுதியிலேயே வரும். எடுத்துக்காட்டாக, பாடசாலைக் கிணற்றைப் பற்றிச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர், “இந்த நீர் குடிப்பதற்கு உகந்தது என்று இப்போது சொல்ல முடியாது” என்று விடையளித்ததாகக் கொள்க. அறிக்கையில் எஞ்சிய நேரமோ சில செக்கன்கள். வாலைச் சிறிது குறைத்தால் “இந்த நீர் குடிப்பதற்கு உகந்தது” என்னும் முழு வாக்கியம் நிற்கும், குரலும் அவருடையதே. கேட்பவர் எவரும் ஐயுறார். மறுநாள் பிள்ளைகள் அக்கிணற்று நீரை அச்சமின்றிப் பருகுவர்.

இத்தகைய பொய் தீய எண்ணத்தாற் பிறக்க வேண்டுவதில்லை, அவசரத்தாலும் பிறக்கும். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 2007 முதல் நடத்திய பாடசாலைச் செய்தியாளர் திட்டத்தில், குறித்த நாளிற் பிற்பகல் 2 மணிக்குள் மாணாக்கர் தம் செய்தியை முடிக்க வேண்டியிருந்தது. காலக்கெடு செய்தித் தொழிலோடு உடன்பிறந்தது; ஆகவே அதனுள்ளே நின்று நேர்மை காக்கும் பழக்கமும் உடன் கற்பிக்கப்படல் வேண்டும்.

அதற்கு வழி அரிதன்று. வாக்கியத்தை முழுமையாக வைக்க இடமில்லையெனில், குரலை விட்டுவிட்டு அதன் கருத்தைச் செய்தி வாசிப்பவரே தம் சொல்லிற் கூறலாம். ஒரு வினாவுக்குத் தந்த விடையை மற்றொரு வினாவின் கீழ் வைத்தல் ஆகாது. இருமலையும் தடுமாற்றச் சொல்லையும் நீக்கலாம். ஆனால் அரிய வினாவொன்றைக் கேட்டதும் விடையளிப்பவர் தயங்கிய தயக்கத்தை நீக்கினால், உறுதியற்றவர் உறுதியுள்ளவராகத் தோன்றுவார். ஆதலின் தொகுத்து முடித்த ஒலியைச் செவ்வி கண்ட மாணவரே முதற்பதிவோடு ஒப்பிட்டுக் கேட்டு, “அவர் சொன்னது இதுவே” என்று ஒப்புதல் அளித்த பின்னரே ஒலிபரப்புதல் முறையாகும்.

இப்பயிற்சி பெறும் பிள்ளைகள் எல்லோரும் வானொலி நிலையத்திற்குச் செல்லப்போவதில்லை. எனினும் அவர்கள் நாள்தோறும் கைத்தொலைபேசியில் துண்டு துண்டான குரல்களைக் கேட்கின்றனர். மனிதர் பேசாத பேச்சை அவர் குரலிலேயே கணினி உருவாக்கும் காலமும் வந்துவிட்டது. ஒரு வாக்கியத்தைத் தன் கையால் ஒருமுறை வெட்டிப் பார்த்த பிள்ளை, பிறர் அனுப்பும் துண்டைக் கேட்கும்போது, இதற்கு முன்னே என்ன இருந்தது, பின்னே என்ன இருந்தது என்று வினவக் கற்றுக்கொள்ளும். ஐந்து நிமிடச் செய்தியறிக்கைக்காகப் பாடசாலை செலவிடும் மாலைப் பொழுதுகளுக்கு அதுவே போதிய பயனாகும்.