முதலில் நகல், பிறகு பழுது



உங்கள் லேப்டாப் வாங்கி நாலைந்து வருடம் ஆகிவிட்டதா? உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா? அப்படியானால் வீடு அடங்கிய பிறகு ஒருநாள் அதன் மேல் காதை வைத்துக் கேளுங்கள். சீரான இரைச்சல் என்றால் கவலையில்லை. நடுநடுவே டக், டக், டக் என்று ஒரே தாளத்தில் தட்டுகிறதா? அந்த டிஸ்க் போகப்போகிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். உள்ளே வழுவழுப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகின்றன. சிலவற்றில் 7200. தட்டுக்கு மேலே, அதைத் தொடாமல், படிக்கும் முனை மிதக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். முனையோ தட்டோ பழுதாகிவிட்டால், தேடும் இடம் கிடைக்காமல் முனை திரும்பத் திரும்பப் பழைய இடத்துக்கே வந்து மறுபடி கிளம்புகிறது. அந்தத் தவிப்புதான் நம் காதில் விழுகிறது.

எல்லா டிஸ்க்கும் சத்தம் போட்டுவிட்டுப் போவதில்லை. நேற்று வரை சட்டென்று திறந்த ஃபோல்டர் இன்று அரை நிமிடம் எடுக்கும். நகல் எடுக்கும்போது ஒரே ஃபைலில் நின்றுவிடும். ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று திரையில் வரும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் கணக்கைப் படித்துக் காட்டும். அது மஞ்சளில் எச்சரித்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் அது நீலமாகவே இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. கூகுள் நிறுவனம் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பழுதானவற்றில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே நின்றுபோயிருந்தன. இன்னொன்றும் அதில் தெரிந்தது. படிக்க முடியாத இடம் ஒன்று முதன்முறை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, அப்படித் தென்படாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம்.

ஆகவே அறிகுறி தெரிந்ததும் முதல் வேலை நகல் எடுப்பது. பழுது பார்ப்பது அப்புறம். நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. டிஸ்க்கைச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுகிறோம், வைரஸ் இருக்குமோ என்று முழு ஸ்கேன் போடுகிறோம். தளர்ந்துபோன டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் அவை தேய்த்துப் படிக்கின்றன. செக்டிஸ்க்கைத் திருத்தச் சொன்னால் அதன் மேலேயே எழுதவும் செய்கிறது. மிச்சமிருந்த உயிரும் அதில் போய்விடும்.

எதை முதலில் எடுப்பது? பிள்ளையின் புராஜெக்ட், கடைக் கணக்கு, ஸ்கேன் செய்த பத்திரங்கள். இவை சின்ன ஃபைல்கள், சீக்கிரம் வந்துவிடும். அடுத்து குடும்பப் படங்கள். சினிமாவும் கேமும் இருக்கட்டும், திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நகலைத் தனியான பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ போடுங்கள். "முக்கியமானதெல்லாம் டி டிரைவில் பத்திரமா இருக்கு" என்று சொல்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், கேட்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. பெரும்பாலான லேப்டாப்பில் சி டிரைவும் டி டிரைவும் ஒரே டிஸ்க்கைக் கோடு போட்டுப் பிரித்தவைதான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கடைக்குக் கொண்டுபோகிறீர்களா? லேப்டாப்பைக் கையில் கொடுப்பதற்கு முன்பே வாயைத் திறந்து சொல்லுங்கள்: "அண்ணே, எனக்கு டேட்டா வேணும். ஃபார்மட் பண்ணிடாதீங்க." மெதுவாக ஓடும் லேப்டாப்புக்கு ஃபார்மட் அடித்துப் புதிதாக ஓ.எஸ். போடுவது கடைகளில் வழக்கமான வைத்தியம். நாம் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? ரசீதிலும் அதை எழுதி வாங்குங்கள். டிஸ்க்கின் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சில நானோமீட்டர் இடைவெளியில் ஒரு தூசி விழுந்தால் என்ன ஆகும்? அதைத் திறக்கத் தூசி வடிகட்டிய தனி அறை வேண்டும்.

தட்டும் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள் என்பேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. சேவ் செய்யாத கட்டுரை ஒன்று திரையில் திறந்திருந்தால் அணைக்காதீர்கள். அந்த எழுத்துகள் இன்னும் டிஸ்க்குக்குப் போகவில்லை, ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் நிற்கின்றன. மின்சாரம் நின்றால் அவையும் போய்விடும். பென் டிரைவைச் செருகி, சேவ் ஆஸ் கொடுத்து அதில் சேமியுங்கள். முடியவில்லையா, முழுவதையும் காப்பி செய்து உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்புங்கள். அதுவும் தொங்குகிறதா, கைபேசியை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திரையைப் படம் பிடியுங்கள். திரும்பத் தட்டச்சு செய்வது பாடுதான். ஆனால் யோசித்து எழுதிய வாக்கியங்கள் கையில் இருக்கும்.

டிஸ்க் நன்றாக இருந்து, கரண்ட் போனதாலோ அவசரத்தில் மூடியதாலோ எழுதியது காணாமல் போனால் வோர்டில் வழி இருக்கிறது. ஃபைல், அதில் இன்ஃபோ, அதில் மேனேஜ் டாக்குமென்ட். அங்கே ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ் என்று இருக்கும். வோர்ட் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகக் குறித்துவைக்கிறது. ஒருமுறைகூடச் சேவ் செய்யாத ஃபைலை நான்கு நாள் வரை வைத்திருக்கும். ஆறப்போடாமல் அன்றைக்கே தேடுங்கள். ஆப்ஷன்ஸில் போய் அந்தப் பத்து நிமிடத்தை இரண்டு நிமிடமாக மாற்றியும் வையுங்கள்.

விண்டோஸே திறக்காத நிலை என்றால், கொஞ்சம் கணினி பழக்கம் உள்ளவரைத் துணைக்கு அழையுங்கள். லினக்ஸ் உள்ள பென் டிரைவில் லேப்டாப்பைத் தொடங்கி, டிடி ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டலாம். அதன் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும். சுலபமாக வரும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்கிறது. அடம்பிடிக்கும் இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப்போகிறது, கடைசியில் நிதானமாகத் திரும்பி வருகிறது. நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் மசியாத டிஸ்க்கிலிருந்தும் டேட்டா மீட்புக் கூடங்கள் பதிவுகளை மீட்டிருக்கின்றன. 2003-இல் கொலம்பியா விண்ணோடம் சிதறி விழுந்ததல்லவா, அதிலிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் டெக்சாஸில் கருகிய நிலையில் கிடைத்தது. தட்டுகள் நெளியாமல் இருந்ததால், செனான் வாயு பற்றிய ஒரு சோதனையின் பதிவுகள் ஏறக்குறைய முழுவதும் கிடைத்தன. ஆய்வு முடிவு 2008-இல் வெளியானது.

புது லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அதில் சுழலும் தட்டு இல்லை, எச்சரிக்கும் சத்தமும் இல்லை. அழித்த ஃபைலின் இடத்தை அது தானாகவே காலி செய்துவிடுவதால், அழித்ததை மீட்பது அநேகமாக நடக்காது. போதாக்குறைக்குப் பல விண்டோஸ் லேப்டாப்புகளில் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கிறது. பிட்லாக்கர் என்பார்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றைக்கே உள்ளே போய்ப் பார்த்து, ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். எழுதியதை இன்னொருவரைப் படிக்கச் சொல்லி ஒருமுறை ஒத்துப்பாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் திறக்காது.