ஊர்ப்பணியும் ஓர் அமானிதமே

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

ஆண்டுக் கூட்டங்களில் மார்க்கம் பற்றியோ கல்வி பற்றியோ உரையாற்றுவதே வழக்கம். இன்று எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் பொருள் நகராட்சியின் அன்றாட அலுவல்கள். சாலை, வடிகால், தெருவிளக்கு, ஒப்பந்தப்புள்ளி, கட்டட அனுமதி ஆகியவற்றைப் பள்ளிவாசலில் பேசுவது முறையாகுமா என்று சிலருக்கு ஐயம் எழலாம். ஈமானுக்குப் பல கிளைகள் உண்டு என்றும், பாதையில் கிடந்து துன்பம் தருவதை அகற்றுவதும் அவற்றில் ஒன்று என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் மதரஸாவில் சிறு வயதிலேயே பயின்றிருக்கிறோம். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது நன்மையெனில், மூடியில்லாத வடிகாலுக்கு மூடி போடச் செய்வதும் நன்மையே. இராக்கின் பாதையில் ஒரு கால்நடை இடறி விழுந்தாலும் அதற்கும் தாம் பதில் கூற நேரிடும் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

அந்த அச்சம் பிற்காலத்தில் ஓர் ஆட்சித் துறையாகவே வளர்ந்தது. 'ஹிஸ்பா' என்பது அதன் பெயர். அதன் அலுவலர் 'முஹ்தஸிப்' எனப்பட்டார். கடைவீதியில் எடையையும் அளவையையும் சோதிப்பதோடு அவர் பணி முடிந்துவிடவில்லை. தெருவை நெருக்கிக் கட்டப்படும் திண்ணைகள், வழிப்போக்கர் மீது கழிவுநீரைக் கொட்டும் தூம்புகள், இடிந்து விழும் நிலையிலுள்ள சுவர்கள் ஆகியவையும் அவர் கண்காணிப்பில் இருந்தன. 1058ஆம் ஆண்டில் பக்தாதில் மறைந்த இமாம் மாவர்தீ அவர்கள், ஊரின் குடிநீர் அமைப்போ மதிற்சுவரோ பழுதுபட்டால் பைத்துல்மாலிலிருந்து அதைச் சீர்செய்ய வேண்டும் என்றும், பைத்துல்மாலில் பொருள் இல்லாதபோது அப்பொறுப்பு ஊரிலுள்ள வசதி படைத்தோரைச் சாரும் என்றும் விளக்கியுள்ளார்கள். ஆகவே ஊர்ப்பணி நமக்குப் புதியதோர் பாடமன்று.

இனி நம் நாட்டு அமைப்பைக் காண்போம். சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டில் தோன்றியது; இந்தியாவின் மிகப் பழமையான மாநகராட்சி அதுவே. 1882இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் உள்ளாட்சிக்கு வித்திட்டது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்குச் சட்டத் தகுதியை அளித்து, அவற்றிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. சாலைகளும் பாலங்களும், குடிநீர், துப்புரவு, தீயணைப்பு, தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை அதில் உண்டு. அடக்கத்தலங்களும் இறைச்சிக்கூடங்களும் அதே பட்டியலில் உள்ளன. பிறந்த நாள் முதல் கபுருஸ்தான் வரை நம் வாழ்வு அந்த அலுவலகத்தோடு பிணைந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அவ்வலுவலகத்தில் ஒரு வடிகால் எவ்வாறு உருவாகிறது? முதலில் பொறியாளர் இடத்தைப் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிக்கிறார். மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் அது இடம்பெற்றுத் தீர்மானமாகிறது. பின்னர் ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்கென்றே இயற்றப்பட்டது. குறித்த நாளில் புள்ளிகள் திறக்கப்பட்டு, தகுதியுடையவருள் குறைந்த தொகை கோரியவருக்குப் பணி ஆணை வழங்கப்படுகிறது. பணி நடைபெறுகையில் நீளம், அகலம், ஆழம் ஆகியன அளவுப் புத்தகத்தில் பதிவு செய்யப்படுகின்றன. மேலதிகாரி அவற்றைச் சரிபார்த்த பின்னரே ஒப்பந்தக்காரரின் பட்டியலுக்குப் பணம் வழங்கப்படும்.

கேட்பதற்குச் சுவையற்ற செய்திகளாக இவை தோன்றலாம். ஆனால் நம் வீட்டுக்குள் மழைநீர் புகுமா, புகாதா என்பது இந்தத் தாள்களில்தான் முடிவாகிறது. மதிப்பீட்டில் வாட்டம் பிழையானால் வடிகாலில் நீர் ஓடாது. தேங்கிக் கொசுவை வளர்க்கும். அளவுப் புத்தகத்தில் உள்ள ஆழம் மண்ணில் இல்லையெனில் முதல் மழையிலேயே தெரு குளமாகும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் தார் போட்டுக்கொண்டே போனால் சாலை உயரும், வீடு தாழும், பள்ளிவாசலின் ஒளூச் செய்யும் இடத்திற்குள் தெருநீர் புகும். பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பின்னரே புதிய சாலை இட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். நம் தெருவில் சாலைப்பணி நடைபெறும் நாளில் அது பின்பற்றப்படுகிறதா என்று நின்று பார்ப்பவர் எத்தனை பேர்?

பாதுகாப்புப் பணியில் ஏற்படும் குறை உயிரையே பறித்துவிடும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கியிருந்த ஓர் இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிஞ்சுகளைப் பலிகொண்டது. கூரை எதனால் வேயப்பட்டிருக்கிறது, வெளியேறும் வழி எத்தனை, அது எவ்வளவு அகலம் என்ற கேள்விகள் ஆய்வுப் படிவத்தில் வரும் சாதாரணக் கேள்விகளே. அவற்றைக் கேட்க வேண்டியவர்கள் உரிய நாளில் கேட்டிருந்தால், திருத்த வேண்டியவர்கள் திருத்தியிருந்தால், அக்குழந்தைகள் இன்று பெற்றோராக நம்மிடையே வாழ்ந்து கொண்டிருக்கக்கூடும்.

2015 டிசம்பர் முதல் நாளில் பெய்த பெருமழையை நினைவுகூருங்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னையின் பள்ளிவாசல்கள் பல வாயில்களைத் திறந்து சமய வேறுபாடின்றி மக்களுக்கு இடமளித்தன. முஸ்லிம் இளைஞர்கள் இடுப்பளவு நீரில் உணவு சுமந்து சென்றனர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! வெள்ளம் வந்தபின் படகோடு செல்லும் அதே ஆர்வம், கோடைக்காலத்தில் வடிகால் தூர்வாரப்படும்போதும் நமக்கு இருக்க வேண்டும். வாரிய வண்டலைக் கரையிலேயே குவித்துவிட்டுச் சென்றால் அடுத்த மழை அதை மீண்டும் வடிகாலுக்குள் தள்ளிவிடும். அன்று ஒரு மணி நேரம் செலவிட்டு அதை அப்புறப்படுத்தச் சொல்வது, பிறகு நூறு பேருக்கு உணவுப் பொட்டலம் வழங்குவதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

அன்புச் சகோதரர்களே! பிறரைக் கேள்வி கேட்குமுன் நம் வாசலை நாம் நோக்க வேண்டும். கசப்பான சிலவற்றைச் சொல்வதற்குப் பொறுத்தருள்க.

ஒன்று: பள்ளிவாசலின் படிக்கட்டோ ஜமாஅத்துக் கடைகளின் முகப்போ வடிகாலின்மேல் நீண்டிருந்தால், இறையில்லம் என்ற காரணத்தைக் காட்டி அதை நியாயப்படுத்த இயலாது. பிறருக்குரிய பாதையை எடுத்துக்கொண்டு கட்டிய படியில் ஏறித் தொழச் செல்வது எவ்வாறு அழகாகும்?

இரண்டு: ஜும்ஆ நேரத்தில் நம் வாகனங்கள் தெருவை அடைத்து நிற்கின்றன. அந்த அரைமணி நேரத்தில் தெருவினுள் ஒரு வீடு தீப்பற்றினால் தீயணைப்பு வண்டி நுழைய வழியுண்டா?

மூன்று: குர்பானிக் கழிவுகள் வடிகாலில் வீசப்படுகின்றன. கழிவை அள்ளுவதற்கு நகராட்சியிடம் முன்கூட்டியே எழுதி வண்டி கேட்பதும், குழி தோண்டிப் புதைப்பதும் நம் கடமை. நமது வணக்கம் அண்டை வீட்டாருக்குத் துர்நாற்றமாகச் சென்று சேரலாகாது.

நான்கு: இதுவே மிக முக்கியமானது. பள்ளிவாசலின், மதரஸாவின், நம் வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் எக்காரணம் கொண்டும் மனிதரை இறக்கக் கூடாது. தொட்டியினுள் தங்கும் நச்சு வாயு நொடிப்பொழுதில் ஒருவரை வீழ்த்தும். அவரைத் தூக்கப் போனவரும் வீழ்வார். 2013ஆம் ஆண்டின் சட்டம் தக்க பாதுகாப்பின்றி ஒருவரை இவ்வாறு இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. உள்ளாட்சி அமைப்பு, நிறுவனம், தனியார் ஆகிய எவருக்கும் விலக்கில்லை. இவ்வாறு இறப்போர் குடும்பத்திற்கான இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. இழப்பீடு எத்தனை இலட்சமாயினும் ஓர் உயிருக்கு ஈடாகாது. இயந்திர வண்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகும் என்று தயங்குவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

நம் உரிமைகளையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மதிப்பீடு, அளவுப் புத்தகம், பட்டியல் ஆகியவற்றின் நகல்களைப் பெறலாம். பணி நடைபெறும் இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்தப்பட்ட பொருளின் சான்றிடப்பட்ட மாதிரியைப் பெறவும் அச்சட்டம் இடமளிக்கிறது. விண்ணப்பத்திற்கு 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். மேலும், 2022 நவம்பர் முதல் நாளன்று தமிழக நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. வார்டு மக்கள் தம் தேவைகளை எடுத்துரைப்பதற்கென ஏற்பட்டதே அந்தச் சபை. 'அது அரசியல்' என்று நாம் ஒதுங்கியிருந்தால், நம் தெருவின் தேவையைப் பேச அங்கே ஆளிருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒப்பந்தக்காரர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராக இருந்தால் நாம் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. சொந்தத்திற்கு எதிராயினும் நீதியாகச் சாட்சி சொல்லக் கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம். அவருடைய பணியை நாமே முதலில் அளந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் பிறர் பணியைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு வரும்.

ஆகவே இப்பொதுக்குழுவின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவதாக, ஜமாஅத்துக்குச் சொந்தமான எல்லாக் கட்டடங்களையும் தகுதியுள்ள பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்து, மின்கம்பி, வெளியேறும் வழி, வடிகால் எல்லை ஆகியவற்றின் நிலையை அடுத்த ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். இரண்டாவதாக, ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், இளைஞர் ஒருவர், பெண்மணி ஒருவர் அடங்கிய ஊர்ப்பணிக் குழுவை அமைத்து, மன்றத் தீர்மானங்களைப் படிக்கவும் பகுதி சபையில் பங்கேற்கவும் பணிக்க வேண்டும். தெருவில் தேங்கும் நீரையும் எரியாத விளக்கையும் நாள்தோறும் காண்பவர்கள் பெண்களே. அவர்கள் குரல் அக்குழுவில் அவசியம். மூன்றாவதாக, இக்குழு மஹல்லாவின் எல்லைக்குள் வாழும் அனைத்துச் சமயத்தாருக்காகவும் பேச வேண்டும். வடிகால் நீர் வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டுவிட்டுப் புகுவதில்லை.

சாலையும் வடிகாலும் விளக்கும் மக்கள் வரிப்பணத்தால் ஆனவை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அவை. அந்த அமானிதத்தைப் பேணி, அண்டை அயலாருக்குப் பயனுள்ளவர்களாக வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.