ஒருவர் மறைந்த பின்



வவுனியாவுக்கு வடக்கே கண்டி வீதியை ஒட்டி அமைந்த ஊர் ஓமந்தை. வயலும் குளமும் காடும் சூழ்ந்த அவ்வூரிலும் அதன் அயலிலும் மேளம் இன்றிக் கோயில் திருவிழா நடப்பதில்லை. நாதஸ்வரமும் தவிலும் தாளமும் சுருதியும் சேர்ந்த அக்குழுவில் ஆண்டுதோறும் வந்து நின்ற தவிற்காரர் ஒருவர் ஓராண்டு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். காரணம் ஊருக்குத் தெரியும். அவர் இறந்துவிட்டார். கொடியேற்றமோ குறித்த நாளில் வந்துவிட்டது. சுவாமி வீதிக்கு எழுந்தருள ஆயத்தமாகிவிட்டார். அவ்வேளையில் மேளம் ஒலிக்க வேண்டுமா, வேண்டாமா?

ஒலிக்கத்தான் வேண்டும் என்பதே ஊரவர் தரும் விடை. புதியவர் ஒருவர் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார். முதல் அடி விழுந்ததும் கூட்டத்தில் யாரோ ஒரு முதியவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆயினும் சுவாமி வீதிவலம் வந்து இருப்பிடம் சேர்வார். அங்கே மேளம் கோயிலுக்கு உரியது; வாசிப்பவர் அதற்குத் தொண்டு செய்பவர். ஆகவே தொண்டர் மறைந்தாலும் தொண்டு நிற்பதில்லை.

ஆனால் கோயிற் கடமை எதுவும் இல்லாத இசைக்குழு ஒன்றில் இதே வினா எழுந்தால் விடை அத்துணை எளிதன்று. இக்கால இளைஞர் கைத்தொலைபேசியில் விரும்பிக் கேட்கும் மேனாட்டு மெற்றல் இசையையும், அதற்கு நெருங்கிய உறவான கடும் ரொக் இசையையும் எடுத்துக்கொள்ளலாம். மின்கிற்றாரின் உரத்த முழக்கமும் முரசின் விரைந்த அடியும் கலந்த அவ்விசை முதியோர் செவிக்கு இரைச்சலாகவே படும். அதனை விரும்புவதும் விரும்பாததும் அவரவர் சுவையைப் பொறுத்தது. எனினும் நால்வரோ ஐவரோ பல்லாண்டு ஒன்றாக உழைத்து, ஒன்றாகப் பயணஞ் செய்து, அவருள் ஒருவர் திடீரென மறையும்போது எஞ்சியோர் அடையும் கலக்கம் எவ்விசைக்கும் பொதுவானது. குழுவைத் தொடர்வதா, கலைப்பதா என்று ரசிகர்கள் இரு கட்சியாக நின்று வாதிடுவர். தொடர்ந்தால் இறந்தவருக்குத் துரோகம் என்பர் ஒரு சாரார். கலைத்தால் அவர் உழைப்பு வீணாகும் என்பர் மறு சாரார்.

இரு வழியும் ஒரே ஆண்டில் உலகின் முன் வைக்கப்பட்டன. 1980 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஏசிடிசி என்னும் அவுஸ்திரேலியக் குழுவின் பாடகர் பொன் ஸ்கொட் இலண்டனில் இறந்தார். கலைந்துவிடுவதா என்று குழுவினர் தயங்கினர். இறந்தவரின் பெற்றோர் தொடருமாறு ஊக்கமளித்தனர் என்பது பின்னர் பலமுறை பதிவாகியுள்ளது. பிரையன் ஜோன்சன் என்னும் புதிய பாடகர் வந்தார். அவ்வாண்டு யூலை மாதமே புதிய இசைத்தட்டு வெளியாயிற்று. அதன் உறை முழுவதும் கருமை. அது துக்கத்தின் அடையாளம். முதற் பாடல் மணியோசையோடு தொடங்கிற்று. உலகில் மிகுதியாக விற்பனையான இசைத்தட்டுகளுள் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகிறது.

அதே 1980 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 25 ஆந் திகதி, இங்கிலாந்தின் லெட் செப்பலின் குழுவில் முரசு வாசித்த ஜோன் பொனம் இறந்தார். எஞ்சிய மூவரும் டிசெம்பர் மாதம் ஓர் அறிக்கை விடுத்து, தாம் முன்போல் தொடர இயலாது என்று கூறி விலகினர். பெயரும் புகழும் உச்சத்தில் இருந்த காலம் அது. தொடர்ந்திருந்தால் பெரும் பொருள் சேர்ந்திருக்கும். அவர்கள் அதனை வேண்டாம் என்றனர். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2007 ஆம் ஆண்டு டிசெம்பரில், தம்மை வளர்த்த இசைத்தட்டு நிறுவனத்தின் நிறுவுநர் ஒருவரின் நினைவுக்காக இலண்டனில் ஒரு நாள் மட்டும் முழுக் கச்சேரி செய்தனர். அன்று முரசின் முன் அமர்ந்தவர் இறந்தவரின் மகன் ஜேசன் பொனம்.

இவ்விரு குழுவினருள் எவர் செய்தது சரி? இருவர் செய்ததும் சரி என்று சொன்னால் அது மழுப்பல் போலத் தோன்றக்கூடும். ஆனால் உற்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இரு குழுவினரும் இறந்தவரின் இடம் வெறுமையாயிற்று என்பதை மறைக்கவில்லை. ஒரு குழு அதனைக் கருநிற உறையில் காட்டிற்று. மற்றது விலகிக் காட்டிற்று. தொடர்வதா நிறுத்துவதா என்பதை மட்டும் வைத்து ஒரு குழுவை மெச்சவோ இகழவோ இயலாது. அந்த வெறுமையை எவ்வாறு நடத்தினர் என்பதே பார்க்கத்தக்கது.

இதற்கு எதிரான பாடமும் உண்டு. மெற்றாலிக்கா என்னும் அமெரிக்கக் குழு 1986 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் சுவீடன் நாட்டில் பயணஞ் செய்துகொண்டிருந்தபோது பேருந்து கவிழ்ந்து, பேஸ் கிற்றார் வாசித்த கிளிஃப் பேட்டன் மாண்டார். அவருக்கு வயது 24. சில வாரங்களுள் ஜேசன் நியூஸ்ரெட் என்பவர் அவ்விடத்துக்குச் சேர்க்கப்பட்டார். குழு வளர்ந்தது, புகழ் பெருகிற்று. ஆயின் 1988 ஆம் ஆண்டு வெளிவந்த இசைத்தட்டில் புதியவரின் வாசிப்பு செவிக்குக் கேளாத அளவுக்கு அடக்கப்பட்டிருந்தது. தொடக்க காலத்தில் அவரைச் சீண்டியும் எள்ளியும் நடத்தியதைக் குழுவினரே பின்னாளில் ஒப்புக்கொண்டனர். 2001 ஆம் ஆண்டு அவர் விலகினார். நண்பனை இழந்த துயரம் ஆறாமலே அவன் இடத்தில் இன்னொருவனை அமர்த்தினர். அத்துயரத்தின் பாரம் வந்தவன் தலையில் விழுந்தது. புதியவன் செய்த குற்றம் யாது? அவன் இறந்தவனாக இல்லாமையே அவன் குற்றம்.

ஒரே மனிதரின் குரலும் குணமுமே குழுவாக நிற்கும் இடங்களும் உண்டு. மோட்டர்ஹெட் என்னும் ஆங்கிலக் குழுவின் தலைவர் லெமி 2015 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 28 ஆந் திகதி மறைந்தார். அவரோடு நெடுங்காலம் வாசித்தவர்கள் உயிரோடும் திறமையோடும் இருந்தனர். எனினும் குழு முடிந்தது என்று உடனே அறிவித்தனர். பாடியவரும் அவர்; பேஸ் கிற்றார் வாசித்தவரும் அவர்; தொடங்கியவரும் அவர். அங்கே தொடர்வதற்குப் பெயர்ப் பலகை ஒன்றே எஞ்சியிருந்தது.

தமிழ் இசையுலகம் இதனை முன்பே அறியும். ஆலத்தூர் சகோதரர்கள் எனப் புகழ்பெற்ற சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர் அல்லர். சிவசுப்பிரமணிய ஐயரின் தந்தை வேங்கடேச ஐயரிடம் இருவரும் பயின்று இணைந்து பாடியவர்கள். 1965 ஆம் ஆண்டு சிவசுப்பிரமணிய ஐயர் மறைந்தார். சீனிவாச ஐயர் பாடுவதை விட்டுவிடவில்லை. 1980 ஆம் ஆண்டு வரை வாழ்ந்த அவர் தனித்தும் பாடினார். இருவர் பாட்டு ஒருவர் பாட்டாயிற்று. கற்ற வித்தை நின்றுவிடவில்லை.

ஈழத்திலும் சான்று உண்டு. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 ஆம் ஆண்டு, நாற்பத்தொரு வயதிலேயே மறைந்தார். கடல் கடந்து தமிழ்நாட்டிலும் வியந்து பேசப்பட்ட கை அது. அவர் இல்லாத மேடையை நாதஸ்வரக் கலைஞர் பலர் கண்டனர். தவில் வாசிக்க வேறு பலர் வந்தனர். அவரவர் தத்தம் கையாலேயே வாசித்தனர். இரவல் கையால் வாசித்தல் ஒருவருக்கும் இயலாது அன்றோ?

இந்நெறியை அண்மையில் நன்கு காட்டியது ‘சக்தி’ இசைக்குழு. அக்குழுவின் வழியில் பல்லாண்டு மண்டலின் வாசித்த சீனிவாஸ் 2014 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் சென்னையில் காலமானார். பின்னர் 2023 ஆம் ஆண்டு அக்குழு புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டபோது இன்னொரு மண்டலின் கலைஞரைத் தேடிப் பிடிக்கவில்லை. வயலினோடு கணேஷ் ராஜகோபாலன் அமர்ந்தார். அத்தொகுப்பு 2024 ஆம் ஆண்டு கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசெம்பரில் தபேலா மேதை சாகீர் உசேனும் மறைந்தார். ஒரு வெறுமையை அறிந்த குழுவுக்கு இன்னொரு வெறுமையும் வந்து சேர்ந்தது.

கலையுணர்வோடு வயிற்றுப்பாட்டையும் இங்கே நினைக்க வேண்டும். ஓர் இசைக்குழுவை நம்பி மேடையில் நிற்பவர் மட்டும் வாழ்வதில்லை; ஒலி அமைப்போரும் பொருள் சுமப்போரும் வாகனம் ஓட்டுவோரும் வாழ்கின்றனர். இலங்கையின் ஜிப்சீஸ் குழுவை அன்ரன் பெரேரா தொடங்கினார். அதன் முகமாகவே விளங்கிய அவர் மகன் சுனில் பெரேரா 2021 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மறைந்தபின் தம்பி பியல் பெரேரா பொறுப்பேற்றார். குடும்பமே குழுவாக இருக்கும் இடத்தில் தொடர்வது பேராசை ஆகாது. வன்னியில் மேளக்காரர் இல்லங்களும் அவ்வாறே. திருவிழாக் காலத்து வருவாயே அவர்களுக்கு ஆண்டு முழுவதற்கும் ஆதாரம். உணர்ச்சி மேலிட்டு ‘இனி வாசிக்காதீர்’ என்போர் அவ்வீட்டு அடுப்பை நினைப்பது நன்று.

இந்த வினா ஓமந்தைக்கு ஏன் இத்துணை நெருக்கமானது என்று நேயர்கள் கேட்கலாம். 2009 ஆம் ஆண்டு போரின் இறுதி மாதங்களில் வன்னியின் உட்பகுதியிலிருந்து வந்த மக்கள் பெருந்திரளாக ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தே செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் அவர்கள் ஊர் திரும்பியபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது; அவற்றைச் செப்பனிடலாம். ஆனால் மேளக் குழுவில் ஒருவர் இல்லை, பஜனைக் குழுவில் ஒருவர் இல்லை, கரப்பந்தாட்ட அணியில் ஒருவர் இல்லை. முல்லைத்தீவுப் பகுதியில் கண்ணகி வழிபாட்டோடு இணைந்து கோவலன் கூத்து ஆடுவது நெடுங்கால வழக்கம். ஆடியவர் இல்லாதபோது கூத்து என்னாவது? அண்ணாவியாரின் நினைவில் இருந்த பாட்டும் தாளமும் அவரோடு போய்விட்டால் யார் மீட்டுத் தருவது?

அங்கே கூத்தை மீண்டும் ஆடுவதா என்பது ரசனை பற்றிய வாதமாக இருக்கவில்லை. ஆடினால் இறந்தவரின் தாய் முன்வரிசையில் இருந்து பார்க்க வேண்டும். ஆடாவிட்டால் அவள் மகன் ஆடிய பாட்டையும் ஊர் மறந்துவிடும். இவ்விரண்டில் எது கொடிது என்பதை வெளியார் சொல்ல இயலாது.

ஆகவே இவ்வகை முடிவு எடுக்க நேர்வோர் சிலவற்றை மனங்கொள்ளுதல் நன்று. முதலாவது, காலம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை துக்கம் காக்கும் வழக்கத்தில் ஆழ்ந்த அறிவு உண்டு. அழுது முடியுமுன் எடுக்கும் முடிவு பெரும்பாலும் அழுகையின் முடிவாகவே இருக்கும். இரண்டாவது, இறந்தவர் வீட்டாரைக் கேட்டல். சட்டம் அதனைக் கோராவிடினும் மரியாதை கோருகின்றது. மூன்றாவது, புதியவரை அவராகவே ஏற்றல். ‘அவர் அடித்தது போல் அடி’ என்ற ஒரு சொல் நல்ல கலைஞனையும் முடமாக்கிவிடும். நான்காவது, மேடையில் இறந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லுதல். இந்நான்கும் கைகூடாவிடின், குழுவை மானத்தோடு முடித்துக்கொள்வதிலும் குறைவில்லை.

திருவிழாவின் அம்முதல் இரவுக்கு மீளலாம். வீதிவலம் முடிந்து மேளக்காரர் இளைப்பாறும் வேளையில், மூத்த நாதஸ்வரக்காரர் புதிய தவிற்காரரை அருகழைத்து ஒரு குவளை தேநீர் கொடுக்கிறார். “தம்பி, அவர் இந்த இடத்திலே வேறு மாதிரி வாசிப்பார். நீர் உம்முடைய மாதிரியே வாசியும்” என்கிறார். மறைந்தவரின் பெயரும் அங்கே சொல்லப்பட்டது. வந்தவரின் இடமும் அங்கே உறுதியாயிற்று. மறுநாள் மாலை மேளம் மீண்டும் ஒலிக்கும்.