ஊர் முழுவதும் ஒரே தொகுதி என்றால் யாருக்கு லாபம்?

(வணிகர்கள், இளைஞர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



உள்ளாட்சித் தேர்தல் என்றதும் உங்களுக்கு வார்டுதான் நினைவுக்கு வரும். நம் தெருவுக்கு ஒரு கவுன்சிலர், அடுத்த தெருவுக்கு வேறொரு கவுன்சிலர். சாக்கடை அடைத்தால் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று கடைப் பையனுக்கும் தெரியும். ஆனால் வார்டே இல்லாத ஊர்கள் உலகில் உண்டு. அமெரிக்காவில் பல நகரங்கள் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தன. இன்று நான் உங்கள் முன் வைப்பது டெக்ஸாஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினின் கதையை. "அமெரிக்கக்காரன் கதை நமக்கெதற்கு?" என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

வார்டு இல்லாவிட்டால் தேர்தல் எப்படி நடக்கும்? ஊர் முழுவதும் ஒரே தொகுதி. ஆறு உறுப்பினர்கள், ஒரு மேயர் என ஏழு நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஊரே திரண்டு வாக்களிக்கும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறதல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு வாக்குகளில் அறுபது ஒரு தரப்பு, நாற்பது மற்றொரு தரப்பு. ஏழு நாற்காலிக்கும் அந்த அறுபது பேரே ஒன்றாக வாக்களித்தால் ஏழும் அவர்களுக்கே! நாற்பது பேருக்கு மூன்று நாற்காலியாவது கிடைக்கும் என்று நினைப்பவர் ஏமாந்து போவார். கிடைப்பது பூஜ்யம்.

ஆஸ்டினில் கறுப்பின மக்கள் நகரின் கிழக்குப் பகுதியில் ஒரே இடத்தில் வாழ்ந்ததும் தற்செயல் அல்ல. 1928ல் நகர நிர்வாகம் ஏற்றுக்கொண்ட திட்டம் ஒன்று, அவர்களுக்கான பள்ளி, பூங்கா போன்ற வசதிகளைக் கிழக்கில் மட்டும் வைக்கச் சொன்னது. மற்ற இடங்களில் வசதி இல்லாமல் போனால் மக்கள் தாமாகவே கிழக்கே நகர்வார்கள் என்பது அதன் உள்நோக்கம். அப்படியே நடந்தது. பின்னர் 1962ல் அந்த எல்லையின் மீதே பெரும் நெடுஞ்சாலை வந்தது. ஆக, ஒரே இடத்தில் குடியமர்த்துவதற்கு எல்லை போட்டார்கள். ஆனால் வாக்களிக்கும்போது மட்டும் "எல்லை எதற்கு, ஊரே ஒன்றுதானே" என்றார்கள்! இந்த இரட்டை வேடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்.

1971ல்தான் இந்த முறையில் முதன்முறையாக ஒரு கறுப்பினத்தவர் அந்த மன்றத்துக்குத் தேர்வானார். 1975ல் மெக்ஸிக வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் வந்தார். அதன் பிறகு ஓர் எழுதப்படாத உடன்பாடு உருவானது. அதற்குக் 'கனவான்கள் ஒப்பந்தம்' என்று பெயர். ஒரு நாற்காலி கறுப்பினத்தவருக்கு, ஒரு நாற்காலி ஹிஸ்பானியருக்கு. அந்த இரண்டிலும் வெள்ளையர்கள் போட்டியிடாமல் விட்டுக்கொடுப்பார்கள். தேர்தலுக்குப் பணம் கொடுப்பவர்களும் அதை அனுசரித்துப் போவார்கள்.

பெருந்தன்மை என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் எந்தக் கறுப்பினத்தவர் அமர்வது என்பதை முடிவு செய்தது யார்? கிழக்குப் பகுதி மக்களா? இல்லை! ஊர் முழுவதும் உள்ள வாக்குகள். அதாவது பெரும்பான்மையின் வாக்குகள். தன் தெருவில் செல்வாக்குள்ளவராக இருந்தும் மேற்குப் பகுதிப் பணக்காரர்களுக்குப் பிடிக்காதவராக இருந்தால் அவர் வர முடியாது. நம்முடைய பிரதிநிதியை அடுத்தவர் பொறுக்கி எடுத்து நம் கையில் கொடுப்பது போன்றது இது. நம் ஊர்க் கட்சி அலுவலகங்களில் இதைப் பார்த்ததே இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

இதைவிட வேடிக்கை நீதிமன்றத்தில் நடந்தது. இந்த முறை சிறுபான்மையினரின் வாக்குரிமையை நீர்த்துப்போகச் செய்கிறது என்று வழக்குத் தொடர்ந்தார்கள். மேல்முறையீட்டிலும் 1989ல் தோற்றார்கள். சிறுபான்மையினர் தேர்வாகிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு எதிராக நின்ற முக்கியமான வாதம். சலுகையாகக் கிடைத்த ஒரு நாற்காலி, உரிமை கேட்டவர்களின் வாயை அடைக்கப் பயன்பட்டது.

1973 முதல் 2002 வரை ஆறு முறை இந்த முறையை மாற்றுவதா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஆறு முறையும் தோல்வி. வாக்களிப்பதும் அதே ஊர்தானே! ஏழாவது முறை, 2012 நவம்பரில் வென்றார்கள். எப்படி? கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர் அமைப்புகளோடு, ஊரின் ஒதுக்கப்பட்ட மூலைகளில் வாழ்ந்த வெள்ளையர்களும் கட்சி பேதமின்றிச் சேர்ந்துகொண்டார்கள். நாற்பதாண்டு காலத்தில் வந்த மேயர்களில் பெரும்பாலோர் மேற்கே உள்ள சில பகுதிகளிலிருந்தே வந்தவர்கள் என்பதைப் பட்டியல் போட்டு வீடு வீடாகக் காட்டினார்கள். மனுவில் கையொப்பமிட்ட வாக்காளர்கள் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேல். கோரிக்கை 'எங்கள் இனத்துக்கு' என்று இருந்தவரை தோற்றது. 'எல்லாப் பகுதிக்கும்' என்று ஆனபோது வென்றது. இளைஞர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஊரைப் பத்துத் தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். மேயரை மட்டும் ஊரே தேர்ந்தெடுக்கும். எல்லையை யார் வரைவது? பதவியில் இருக்கும் உறுப்பினர்கள் கையில் கொடுத்தால் தங்கள் வீட்டைச் சுற்றி வரைந்துகொள்வார்கள். எனவே குடிமக்கள் 14 பேர் கொண்ட தனி ஆணையம். முதல் எட்டுப் பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். அந்த எட்டுப் பேர் மற்ற ஆறு பேரை, எல்லாத் தரப்பும் இடம்பெறும்படி தேர்ந்தெடுத்தார்கள். மன்ற உறுப்பினர்கள் இதில் எல்லை வரைய முடியாது.

2014 நவம்பரில் தேர்தல். எழுபதுக்கும் மேற்பட்டோர் போட்டியிட்டார்கள். மூன்றாம் தொகுதியின் இறுதிச் சுற்றில் அண்ணனும் தங்கையுமாக உடன்பிறந்தவர்களே மோதிக்கொண்டார்கள் என்பது தனிக்கதை! பழைய மன்றத்திலிருந்து ஒரே ஒரு உறுப்பினர்தான் மீண்டும் வந்தார். பதினொருவரில் ஏழு பேர் பெண்கள். ஹிஸ்பானியர் மூவர், கறுப்பினத்தவர் ஒருவர். யார் நான்காண்டு இருப்பது, யார் இரண்டாண்டில் மீண்டும் தேர்தலைச் சந்திப்பது என்பதையும் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்தார்கள். இரண்டாண்டுச் சீட்டு விழுந்தவர்களில் இருவர் 2016ல் தோற்றும் போனார்கள்.

நாற்காலி மாறிவிட்டது, நிர்வாகம் மாறிவிடுமா? அதுதான் கடினமான வேலை. அந்நகரில் அன்றாட நிர்வாகத்தை நடத்துபவர் மன்றம் நியமிக்கும் மேலாளர். மேயருக்கும் ஒரே ஒரு வாக்குதான்; மன்றத்தின் முடிவைத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆறு பேர் கை தூக்கினால்தான் எதுவும் நடக்கும். பெரும்பாலோர் புதியவர்கள். 2015ன் தொடக்கத்தில் மன்றத்தைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். பொதுமக்களின் கருத்தைக் குழுவிலேயே கேட்டு முடித்துவிட்டால் மன்றக் கூட்டம் நள்ளிரவு வரை நீளாது என்று நினைத்தார்கள். ஆனால் குழுக்கள் கூடக்கூட வேலையும் கூடியது. குடிமகன் ஒரே விஷயத்துக்கு இரண்டு இடங்களில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. பிறகு அந்த ஏற்பாட்டைச் சுருக்கிக்கொண்டார்கள். தவறைத் திருத்திக்கொள்ள வெட்கப்படவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மேயருக்கே எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிடலாம் என்று 2021 மே மாதம் ஒரு யோசனை வாக்கெடுப்புக்கு வந்தது; மக்கள் பெருவாரியாக நிராகரித்துவிட்டார்கள்.

பலன் என்ன? தென்கிழக்கே டெல் வால் என்றொரு பகுதி. தீப்பிடித்தால் தொலைவிலிருந்து வண்டி வர வேண்டும். அந்தப் பகுதியின் பிரதிநிதியாக வந்த பெண்மணி தீயணைப்புத் துறையில் பணியாற்றியவர். அம்மன்றத்தின் முதல் ஹிஸ்பானியப் பெண் உறுப்பினர். வண்டி தாமதமாக வருவதன் பொருள் அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018ல், நிலையம் இல்லாத பகுதிகளில் ஐந்து தீயணைப்பு நிலையங்கள் கட்ட மன்றம் தீர்மானித்தது. அதில் இந்தப் பகுதியும் ஒன்று. கடை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறையே இல்லையா? இருக்கிறது. "என் தொகுதிக்கு என்ன?" என்று ஒவ்வொருவரும் இழுத்தால் ஊர்ப் பொது வேலை கிடப்பில் விழும். ஊர் முழுவதற்குமான நிலப் பயன்பாட்டு விதிகளைத் திருத்தப் பல ஆண்டுகள் பாடுபட்டு, கடைசியில் 2018ல் அந்த வரைவையே கைவிட்டார்கள்.

இன்னொரு வேதனையும் உண்டு. 2000க்கும் 2010க்கும் இடையே ஆஸ்டின் நகரம் வேகமாக வளர்ந்தது; ஆனால் அங்கே கறுப்பின மக்களின் எண்ணிக்கை குறைந்தது. வாடகையும் வீட்டு வரியும் ஏறி, கிழக்குப் பகுதி வீடுகளை விற்றுவிட்டுப் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு உரிய தொகுதி கிடைத்தபோது அந்தத் தொகுதியில் அவர்களே குறைந்துகொண்டிருந்தார்கள்! எல்லை வரைந்த ஆணையத்தால் அவர்கள் பலமாக உள்ள தொகுதி ஒன்றைத்தான் அமைக்க முடிந்தது. அதிலும் அவர்கள் பாதிக்கும் குறைவு. 2014லும் 2018லும் அங்கே கறுப்பினப் பெண்களே வென்றார்கள் என்றால், மற்றவர்களின் வாக்கும் சேர்ந்துதான் வென்றார்கள்.

இன்னொரு ஊரையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். மிஷிகன் மாநிலத்தில் ஹாம்ட்ராம்க் என்ற சிறு நகரம். அங்கே இன்னும் ஊர் முழுவதும் ஒரே தொகுதி என்ற முறையில்தான் 2015லும் 2021லும் தேர்தல் நடந்தது. 2015ல் மன்றத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மை ஆனார்கள். 2021 தேர்தலுக்குப் பின் ஆறு உறுப்பினர்களும் மேயரும் முஸ்லிம்களே! செய்தி வந்தபோது நம்மில் பலர் மகிழ்ந்தோம். ஆனால் அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழும் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அன்று ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை. ஆஸ்டினில் அநியாயம் என்று நாம் சொன்ன அதே கணக்குதானே இது? நமக்குச் சாதகமானால் நியாயம் என்று சொல்லிவிட முடியுமா? என் பதிலை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

நம் ஊரில் வார்டு இருக்கிறது. ஆனால் வார்டின் எல்லையும் மாறக்கூடியதுதான். மறுவரையறை வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை சொல்ல நாள் கொடுப்பார்கள். ஒரே தெரு இரண்டு வார்டுகளில் கிழிக்கப்பட்டிருக்கிறதா என்று அந்த வரைவை வாங்கிப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

ஆஸ்டினில் 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி 9,61,855 பேர். ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 96,000. 2021ல் புதிய ஆணையம் கூடி எல்லைகளை மீண்டும் வரைந்தது. பொதுமக்களும் தங்கள் பகுதியை எப்படிச் சேர்க்க வேண்டும் என்று அந்த ஆணையத்தின் முன் வந்து பேசினார்கள். அடுத்த முறை 2030 கணக்கெடுப்புக்குப் பிறகு.