கம்பம் ஏறும் பெண் பிள்ளைகள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றியெல்லாம் செயலாளர் அக்கா பேசி முடித்துவிட்டார். எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு கம்பத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். கம்பத்துக்கும் நம் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்தக் குழு என்று சொல்லமாட்டேன். அந்த அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் மட்டும் நின்றார். "மேடம், எம் பொண்ண மல்லர் கம்பத்துக்கு அனுப்புறத நிறுத்திட்டோம்" என்றார். மூன்று வருடமாகக் கயிறு ஏறிப் பழகிய பிள்ளை. எட்டாவது படிக்கிறாள். வயதுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சொந்தக்காரப் பையன் ஒருவன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறான். வெளிநாட்டில் ஒரு பெண் இரும்புக் கம்பத்தைப் பிடித்துச் சுழன்று ஆடுகிறாள். "இதத்தான் உன் பொண்ணு கத்துக்கிறாளா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறான். அன்றோடு பயிற்சி நின்றுபோனது.

அந்த வீடியோவில் இருந்ததற்குப் பெயர் போல் டான்ஸ். முதலில் அதையே பார்ப்போம். வெளிநாடுகளில் மதுக்கூடங்களில் ஆண்கள் பார்ப்பதற்காகப் பெண்கள் ஆடிய ஆட்டமாகத்தான் அது ரொம்ப காலம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1990களுக்குப் பிறகு கனடா, அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் சாதாரணக் குடும்பப் பெண்கள் அதை உடற்பயிற்சியாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். 2009இல் அதற்கென்று ஒரு சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. 2012இல் லண்டனில் உலகப் போட்டி நடந்தது. 2017இல் சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பொதுச் சங்கம் அதற்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது. ஒலிம்பிக்கில் இன்னும் இடம் இல்லை. போட்டியில் இரண்டு கம்பங்கள் நிற்கும். ஒன்று அசையாது, ஒன்று சுழலும். கம்பத்தின் கனம் 45 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம்கூட இல்லை. அதில் கையாலும் தொடையாலும் உடம்பைத் தாங்க வேண்டும். ஆண்களும் போட்டி போடுகிறார்கள், சிறு பிள்ளைகளும் போட்டி போடுகிறார்கள்.

"சரி மேடம், ஏன் அவ்வளவு குட்டி உடை?" என்று கேட்பீர்கள். காரணம் எளிது. உலோகக் கம்பத்தில் துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். துணி போட்டுக்கொண்டு தலைகீழாகத் தொங்கினால் கீழே விழ வேண்டியதுதான். அந்தப் பெண்களையும் நாம் கேவலமாகப் பேச வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இப்போது நம் மல்லர் கம்பத்துக்கு வருவோம். மல்லன் என்றால் மற்போர் செய்கிறவன். மல்லர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ளக் கம்பத்தில் பழகினார்கள். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னர் சோமேசுவரர் எழுதிய 'மானசோல்லாசம்' என்ற நூலிலேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. இருநூறு வருடங்களுக்கு முன்பு, பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில், பாலம்பட்ட தாதா தேவதர் என்ற ஆசிரியர் இதற்குத் திரும்ப உயிர் கொடுத்தார். அந்தப் பேஷ்வா வீட்டோடு வளர்ந்தவர்தான் ஜான்சி ராணி லட்சுமிபாய். குதிரை ஏற்றம், வாள் வீச்சோடு மல்லர் கம்பமும் பழகினார் என்று சொல்வார்கள்.

மராட்டியத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் இது பெரிய விளையாட்டு. மத்தியப் பிரதேசம் 2013இல் இதை மாநில விளையாட்டாகவே அறிவித்தது. தமிழ்நாட்டில் மல்லர் கம்பம் என்றால் முதலில் வருவது நம் விழுப்புரம் பெயர்தான். 2019 பிப்ரவரியில் மும்பை சிவாஜி பார்க்கில் முதல் உலகப் போட்டி நடந்தது. அதே சிவாஜி பார்க்கில் பல காலமாக ஆண், பெண், பார்வை இல்லாதவர் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த உதய் தேஷ்பாண்டே அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பார்வை இல்லாத பிள்ளைகள்கூடக் கம்பம் ஏறுகிறார்கள், யோசித்துப் பாருங்கள்!

நட்ட கம்பம் தேக்கு மாதிரி உறுதியான மரத்தில் செய்தது. தரைக்கு மேலே எட்டரை அடி உயரம் இருக்கும். கீழே பருத்து மேலே போகப் போக மெலியும். உடம்பு உராயாமல் இருக்க விளக்கெண்ணெய் தடவுவார்கள். பெண் பிள்ளைகள் அதிகம் செய்வது கயிற்று மல்லர் கம்பம். மேலே இருந்து ஒரு பருத்திக் கயிறு தொங்கும். கால் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். முடிச்சுப் போடாமல், கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு ஆசனமாகச் செய்து காட்ட வேண்டும். நான் ஒரு நாள் நேரில் நின்று பார்த்தேன். கீழே மெத்தை இருந்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள்.

"வயசுக்கு வந்த பொண்ணு ஏறலாமா?" என்று கேட்கிறீர்கள். ஏறலாம். வயதுக்கு வந்ததால் எந்தக் கெடுதலும் வராது. மாதவிடாய் நாட்களில் வலி இருந்தால் ஓய்வு, இல்லாவிட்டால் வழக்கம்போலப் பயிற்சி. உடை உடம்போடு ஒட்டித்தான் இருக்க வேண்டும். தாவணியோ தொளதொள சுடிதாரோ கயிற்றில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு கேள்வியும் வரும். "நாங்க களை எடுக்குறோம், தண்ணி சுமக்குறோம், இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?" நியாயமான கேள்வி. ஆனால் வேலை நம் உடம்பைத் தேய்க்கிறது. பயிற்சி உடம்பைத் தேற்றுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. வளரும் பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடி ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பையன்கள் சாயங்காலம் ஆனால் மைதானத்தில் இருக்கிறார்கள். பெண் பிள்ளை எங்கே இருக்கிறாள்? அடுப்படியில்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் நீளம் தாண்டுவேன். மாவட்டப் போட்டி வரை போனேன். ஒன்பதாவது படிக்கும்போது, "இனிமே கால விரிச்சுத் தாண்டுனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். எங்கம்மா எனக்காகப் பேச நினைத்தார். அவர் கூட நிற்க ஒருத்தரும் இல்லை. பிறகு படித்தேன், சமூகப்பணியில் பட்டம் வாங்கினேன், வேலைக்கு வந்தேன். குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் மணல் குழியைப் பார்த்தால் இன்றைக்கும் கால் துடிக்கும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, கீழே நல்ல கனமான மெத்தை இருக்கிறதா, ஏறும்போது பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்கிறாரா?

இரண்டு, பெண் பயிற்சியாளரோ வேறு பெண்ணோ அங்கே இருக்கிறார்களா? அம்மாக்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? "வராதீங்க" என்று சொல்லும் இடம் வேண்டாம்.

மூன்று, பிள்ளை ஏதாவது சொல்லத் தயங்கினால் உட்கார வைத்துக் கேளுங்கள். அவசரத்துக்கு 1098 எண் இருக்கிறது.

நான்கு, சாப்பாடு. முட்டை, கீரை, கடலை, கேழ்வரகு. பையனுக்கு வைக்கிற அதே அளவு.

வேலை பற்றியும் கேட்பீர்கள். மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் 2020இல் மல்லர் கம்பத்தையும் சேர்த்தார்கள். ஆனால் அதற்குத் தகுதியான பெரிய போட்டிகளில் சாதிக்க வேண்டும், அது சிலருக்குத்தான் வாய்க்கும். வேலை கிடைத்துவிடும் என்று சொல்லிப் பிள்ளையை விரட்டாதீர்கள். பயப்படாமல் நிமிர்ந்து நடக்கப் பழகினாலே போதும்.

இப்போது அந்த அக்காவிடம் வருகிறேன். அவர் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். யார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "மேடம், எங்க வீட்டுக்காரருக்குக்கூட சம்மதம்தான். ஊரு பேசுதே, அதுக்குத்தான் பயம்."

சகோதரிகளே, ஊர் என்றால் யார்? இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நாம்தானே பாதி ஊர்! முதன்முதலில் நீங்கள் குழுவுக்கு வந்தபோதும் இதே ஊர் பேசியது. "பொம்பளைங்க பேங்குக்குப் போறாளுங்களாம்" என்று சிரித்தார்கள். நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து போனீர்கள். பேச்சு அடங்கிவிட்டது. அந்தக் குட்டிப் பெண் தனியாகக் கயிறு ஏறிவிடுவாள். அவள் அம்மாதான் தனியாக நிற்க முடியாமல் தவிக்கிறார்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் விளையாட்டை நிறுத்திய பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அடுத்த குழுக் கூட்டத்தில் கேளுங்கள். பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நான்கு பேர் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போய், ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசுங்கள். பயிற்சிக்குக் கூட்டிப்போக முறை வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்கள் முறை, நாளைக்கு என் முறை. நானும் வருகிறேன்.