கணிமைப் பகிர்வும் சிங்கப்பூரும்



சிராங்கூன் சாலையின் மாலைச் சந்தடியைக் கடந்து, விஞ்ஞானப் பொருள் ஒன்றைத் தமிழில் கேட்க வந்திருக்கும் உங்களிடம் கிரிட் கணிமையைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். வெவ்வேறு ஸ்தாபனங்களுக்கு உரியனவாய், வெவ்வேறு இடங்களில் இருக்கும் கணினிகளை வலையமைப்பால் பிணைத்து, அவரவர் உடைமையும் உரிமையும் அவரவரிடமே நிற்க, ஒரு பெருங்காரியத்திற்கு அவற்றை ஒருங்கே உழைக்கச் செய்வதே அதன் சாரம். இயான் ஃபாஸ்டரும் கார்ல் கெஸ்ஸல்மனும் 1990களின் பிற்பகுதியில் இதற்கு இலக்கணம் வகுத்தார்கள். 2003இல் தொடங்கிய தேசிய கிரிட் முன்னோட்டத் தளம், நம் நகரத்துச் சர்வகலாசாலைகளையும் ஆராய்ச்சிக் கழகங்களையும் இவ்வாறு இணைக்க முற்பட்டது.

ஏரி நிறைந்திருந்தாலும், எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்ற முறை குலைந்துவிட்டால் ஊர் விளையாது. கிரிட்டிலும் வேலை கேட்பவர் யார், அவருக்கு அதிகாரம் உண்டா, இப்போது யாருடைய முறை என்பவற்றை மின்னணுச் சான்றிதழ்களாலும் ஒப்பந்தங்களாலும் தீர்மானித்த பின்னரே கணக்கு தொடங்குகின்றது. ஆதலின், கருவிகளைத் திரட்டுவதைக் காட்டிலும் ஸ்தாபனங்களுக்கிடையே நம்பிக்கையை நிலைநாட்டுவதே இத்துறையின் கடினமான சாதனை என்பது என் துணிபு.

இப்பகிர்வின் பயனுக்கு ஒரு சான்று: 2006 ஏப்ரலில் ஆசிய, ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் ஒன்றுகூடி, எச்5என்1 பறவைக் காய்ச்சல் கிருமியை அடக்கவல்ல மருந்தைத் தேடி 300,000 சேர்மங்களைக் கணினி வழியே பரிசோதித்தன. ஒரே கணினியிடம் விட்டிருந்தால் 100 ஆண்டுகள் பிடித்திருக்கக்கூடிய அவ்வேலையைச் சுமார் 2,000 கணினிகள் நான்கு வாரங்களில் முடித்தன. 2003இல் சார்ஸ் நோய்க்கு 33 உயிர்களைப் பறிகொடுத்த நம் நகரத்தார்க்கு அந்த வேகத்தின் அருமை தெரியும்.

ஒரு சேர்மத்தின் முடிவுக்கு மற்றொன்றின் முடிவு வேண்டுவதில்லை. ஆகவே அப்பணி எளிதில் பகிர்வுக்கு இசைந்தது. விடியற்காலையில் நம்மை நனைக்கும் சுமத்ரா சூறைக்காற்றைக் கணிப்பதோ அப்படிப்பட்டதன்று. கணிப்புக்காக வான்வெளியைப் பிரித்த ஒவ்வொரு கட்டத்தின் காற்றும் ஈரமும் கணந்தோறும் அண்டைக் கட்டத்திற்குத் தெரியவேண்டுமாதலால், நெருங்கிப் பிணைந்த மீத்திறன் கணினியே அதற்கு ஏற்றது. 2015இல் தேசிய மீத்திறன் கணிமை நிலையம் எழுந்தது இத்தகைய தேவைகளுக்காகவே. அந்நிலையத்திற்குத் தலைமை ஏற்ற பேராசிரியர் டான் டின் வீ, 1995இல் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியுடன் சேர்ந்து தமிழை இணையத்தில் ஏற்றியவர்களுள் ஒருவர் என்பதை இவ்வவையில் நன்றியோடு நினைவுகூர்கின்றேன்.

இத்துறையைக் கற்க விரும்பும் மாணவர், பெர்க்லி சர்வகலாசாலையில் உருவான பாயிங்க் (BOINC) என்னும் இலவசக் கணிமைப் பகிர்வு மென்பொருளைத் தம் வீட்டுக் கணினியில் நிறுவிப் பார்க்கலாம். அயலார் கணினியை முற்றிலும் நம்ப இயலாமையால், ஒரே வேலையை இரு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடும் உபாயம் அதில் உண்டு. இவ்வுபாயங்களைச் செய்முறைப் பயிற்சிகளோடு விளக்கும் தமிழ்க் கைந்நூல் ஒன்றை, அடுத்த ஆண்டு நிதியிலிருந்து நம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக வெளியிடுமாறு இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களை வேண்டுகின்றேன்.