அன்னிய உதவியும் கிராமத்து வழக்கும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்னிய உதவி என்றாலே நமக்குச் சந்தேகம்தான். நம்மில் மூத்தவர்கள் பி.எல். 480 கோதுமையைத் தின்று வளர்ந்தவர்கள்; அந்தக் கோதுமைக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை மறக்கவில்லை. ஆனால் இன்று நாம் பேச வந்தது நியாயத்தைப் பற்றி. ஒரே நாட்டில் இரண்டு சட்டங்கள் நடக்கிற இடத்தில், வெளிநாட்டுப் பணம் ஏழையின் உரிமைக்கு உதவுமா?

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனைப் பாருங்கள். பிரிட்டிஷார் விட்டுப்போன சட்டம் ஒன்று. இனக்குழுத் தலைவர்கள் கையிலுள்ள வழக்கச் சட்டம் இன்னொன்று. 1991இல் எழுதிய அரசியல் சட்டம் பாகுபாடு கூடாது என்றது. ஆனால் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை போன்றவற்றுக்கு விலக்கு அளித்தது. இவற்றை விலக்கிவிட்டால் பெண்ணுக்கு மிச்சம் என்ன?

உள்நாட்டுப் போர் 2002இல் முடிந்தது. உதவிப் பணம் வந்தது. அப்போது நாட்டில் இருந்த வழக்கறிஞர்கள் சுமார் 100 பேர். அவர்களில் 90 பேருக்கு மேல் தலைநகர் ஃப்ரீடவுனில். அங்கே நீதிமன்றத்துக்கு வெள்ளையடித்தால், புருஷன் செத்ததும் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட கிராமத்து விதவைக்கு என்ன லாபம்? தலைவரிடமே பணத்தைக் கொடுத்தாலோ, அபராதம் போடுகிற கைக்கு மேலும் வலு.

2003இல் 'திமாப்' என்ற அமைப்பு பிறந்தது. கிரியோ மொழியில் 'எழுந்து நில்' என்று பொருள். பணம் வெளிநாட்டுப் பணம்தான். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு இரண்டு சட்டங்களையும் கற்பித்து, ஊரிலேயே சட்ட உதவியாளர்களாக உட்கார வைத்தார்கள். அவர்கள் தலைவரின் முன்னாலும் பேசினார்கள், போலீஸ் நிலையத்துக்கும் போனார்கள். பெரும்பாலும் சமரசம், முடியாவிட்டால் பின்னால் வழக்கறிஞர். இவளுக்குப் பின்னால் கோர்ட்டு இருக்கிறது என்று தெரிந்தால் தீர்ப்புச் சொல்பவரின் குரல் மாறும். ஊர்ப் பஞ்சாயத்தைக் கண்ட நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சமரசத்தில் ஆபத்தும் உண்டு. முழு உரிமை உள்ளவள் பாதியோடு திரும்பி வரலாம். ஆகவே சட்டமும் மாறியாக வேண்டும். 2007இல் வந்த வாரிசுச் சட்டம் மனைவிக்குப் பங்கு தந்தது. ஆனால் குடும்ப நிலத்தைத் தொடவில்லை. அந்த நிலத்தில் பெண்ணுக்குச் சம உரிமை கிடைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டு!

உதவி தருகிறவர்களோடு நம் சண்டை இங்கேதான். ஒவ்வொரு தலைவரின் ஆட்சிப் பகுதிக்கும் ஒரு சட்ட உதவியாளர் வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. திட்டப் பணம் இரண்டு மூன்று ஆண்டுக்குக் கணக்குப் பார்த்து வருகிறது. நில வழக்கு அந்தக் கணக்குக்குள் முடிவதில்லை. நான்காம் ஆண்டில் அந்த உதவியாளருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? கட்டடத்துக்குக் கல் நாட்டும் முன் இதற்குப் பதில் சொல்லட்டும்.